நெய் பூசியது யார்?

சென்ற ஆயுத பூஜைக்கு முதல்நாள் காலை, பழையசீவரத்தில் அம்மா வீட்டு வாசலில் என் காரைத் தம்பி கழுவிக்கொண்டிருந்தான். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆறு மணிக்கே தொடங்கிவிட்டான். சூடேறிய தகட்டில் சோப்பு நீர் காய்ந்தால் திட்டுத்திட்டாகக் கறை நின்றுவிடுமாம். இரண்டு வாளிகள் வைத்திருந்தான். ஒன்றில் ஷாம்பு நுரை, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியைக் காரின்மேல் ஓர் இழுப்பு இழுத்தபின் வெறுந்தண்ணீரில் அலசி, மண்ணை இறக்கிவிட்டுத்தான் மறுபடி நுரையில் தோய்க்க வேண்டும். இல்லையென்றால் துணியில் ஒட்டிய மணலே வண்ணத்தைக் கீறிவிடும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரங்கள் கடைசி, அவற்றுக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு காருக்கு ஆகாது, பழைய மெழுகையும் சேர்த்து உரித்துவிடும். இவ்வளவையும் அவன் எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தான். நன்றாகத்தான் செய்தான்.

அதே குழாயடியின் மறுபக்கம் அம்மா பூஜைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு குத்துவிளக்கு, தாம்பாளம், பஞ்சபாத்திரம், மணி, ஒரு பித்தளை அண்டா. தம்பி குழாயை விடும்வரை காத்திருந்து தண்ணீர் பிடித்தாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். "என்னாப்பா, புது வண்டி கணக்கா ஆக்கிட்ட" என்றார் ஒருவர். இன்னொருவர் ஷாம்பு என்ன விலை, எந்தக் கடை என்று விசாரித்தார். அம்மாவின் பக்கம் யாரும் நிற்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. "அந்த அண்டாவையும் அப்பிடியே ஒரு தேய் தேச்சிக் குடேன்டா" என்றாள் ஒருமுறை. "நாரு பட்ட கையோட காரத் தொட்டா கோடு விழுந்துடும்மா" என்றான் அவன். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்றும் சொல்லலாம்.

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் நடந்தது. வீட்டில் கூலியில்லா வேலை செய்வோரில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாக அது கணக்கெடுத்தது. 2024 ஆய்வில் இவை 289, 88 என்று ஆயின. மேடைகளில் நான் பலமுறை சொன்ன எண்கள் இவை. ஆனால் கணக்கு எடுக்கும் வகைப்பாட்டை உட்கார்ந்து படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. சமையல், துவைப்பு, பெருக்கல் இருக்கும் அதே பெருந்தலைப்பின் கீழ்தான் சொந்த வாகனத்தைப் பராமரிப்பதும் வருகிறது. ஆண்களின் அந்தச் சொற்ப நிமிடங்களுக்குள்ளேயே இந்த வாளியும் நுரையும் அடக்கம். தெருவே நின்று பார்க்கும் வேலையும் யாரும் பார்க்காத வேலையும் அட்டவணையில் ஒரே பத்தியில் நிற்கின்றன.

இது கார் வந்தபின் வந்த பழக்கம் இல்லை. எங்கள் ஊரில் மாட்டுப் பொங்கலன்று ஆண்கள் மாட்டை ஆற்றுக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டுவார்கள், கொம்பு சீவி வண்ணம் தீட்டுவார்கள். காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு வரும் நாளும் அதுதான். ஊரே வீதியில் நிற்கும், மாடும் மினுமினுவென்று நிற்கும். மற்ற நாளெல்லாம் சாணி அள்ளித் தொழுவம் கழுவியது அம்மாவும் பெரியம்மாவும். ஆண்டுக்கு ஒருமுறை செய்வதற்கு மாலை விழும். தினமும் செய்வதற்குப் பெயரே கிடையாது. மாடு போய் டிராக்டர் வந்தது, டிராக்டருக்கும் அன்று மாலை விழுந்தது. இப்போது கார்.

நான் தமிழ் கற்பிப்பவள். எதைப் பார்த்தாலும் ஒரு பாட்டு நினைவுக்கு வரும் நோய் எங்களுக்கு உண்டு. தம்பி மெழுகு தடவிய துணியை வட்டவட்டமாக ஓட்டுவதைப் பார்த்தபோது வந்தது புறநானூற்றின் 95ஆம் பாடல்.

அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். காஞ்சிக்காரனான அவன், அதாவது எங்கள் மாவட்டத்துக்காரன், தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவையார் கண்டதைச் சொல்கிறார். இங்கே ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அங்கே எங்கள் மன்னனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிப்பது, பழிப்பதுபோல் புகழ்வது. இருபது வருடமாக இதை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக நடத்தியிருக்கிறேன். மாணவிகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள்.

பாட்டின் துறை வாண்மங்கலம். வாளுக்குச் செய்யும் மங்கலம். ஆயுத பூஜையின் மூதாதை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 'மண்ணுதல்' என்ற பழஞ்சொல்லையும் அப்போது சொல்வேன். கழுவுவதும் அதுதான், மெருகேற்றுவதும் அதுதான், பூசுவதும் ஒப்பனை செய்வதும் அதுதான். காருக்கு ஷாம்பு, பாலீஷ், வாக்ஸ் என்று மூன்று புட்டி விற்கிறார்கள். பழந்தமிழுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

இரண்டு வருடம் முன்பு இந்தப் பாடல் வகுப்பில், கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் கேட்டாள்: "நெய் பூசினது யாரு மேடம்?"

தொண்டைமானின் ஆட்கள் என்றேன். "அதான் யாரு?" என்றாள். வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பாட்டில் இல்லை. கொல்லனாவது அவன் பட்டறை வழியாகப் பாட்டுக்குள் வருகிறான். நெய் பூசிய கை, மாலை கட்டிய கை, தினமும் தூசு தட்டிய கை எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு பாட்டு எனக்கு வேறாகிவிட்டது. ஒரு போர்த் தளபதி அந்தக் கொட்டிலுக்குள் போயிருந்தால் எத்தனை வேல், எத்தனை வாள் என்று எண்ணியிருப்பான். ஔவையார் எண்ணவில்லை. எண்ணெய்ப் பளபளப்பைப் பார்த்தார், அது தினசரிப் பராமரிப்பின் பளபளப்பு என்று கண்டுகொண்டார், இவை அடுப்பு ஏறாத பாத்திரங்கள் என்று முடிவுகட்டினார். பரணில் வரிசையாக அடுக்கியிருக்கும் பாத்திரங்களைப் பார்த்ததும் இந்த வீட்டில் எது புழங்குகிறது, எது காட்சிக்கு என்று சொல்லிவிடும் கண் அது. இதைப் பெண் கண் என்று சொல்லிவிட எனக்குத் தயக்கம் உண்டு. பாணர்களோடு பசியில் ஊர் ஊராக அலைந்தவர்களின் கண் என்பதும் பொருந்தும். வஞ்சப் புகழ்ச்சி என்று அணியின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டதில் அந்தக் கண் பாடத்திலிருந்து விழுந்துவிட்டது. விழவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் புதிய சித்ரோன் காரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. இன்றைய கார், அந்தக் காலத்துப் பெருந்தேவாலயங்களுக்குச் சமம் என்று தொடங்குவார். தமிழில் படித்தால் இது அவ்வளவு வியப்பாக இராது. கோயில் தேர் ஓடும் வீதிக்கு ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்' என்றுதானே பலகை வைத்தோம். என்னை நிறுத்தியது வேறு. அதே நூலில் சோப்புத் தூள்களைப் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கிறது. நுரை எப்படிச் செல்வத்தின் தோற்றத்தைத் தருகிறது என்று அருமையாக எழுதுகிறார். காரும் நுரையும் ஒரே அட்டைக்குள் இருந்தும் ஒன்றையொன்று தொடவில்லை. கார் கண்காட்சிக் கூடத்தில் நின்று மின்னுகிறது. அங்கே அது அழுக்காவதேயில்லை. கிறிஸ்டின் ராஸ் 1995இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே வேகமான கார்களையும் சுத்தமான உடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போருக்குப் பிந்தைய பிரான்சு காருக்கும் சுத்தத்துக்கும் ஒரே வேளையில் ஆசைப்பட்டதை, அதே வேளையில் அல்ஜீரியாவில் அது செய்துகொண்டிருந்ததோடு சேர்த்துப் படிப்பது அந்த நூல். பளபளப்பைக் கண்டால் பக்கத்தில் எது மறைகிறது என்று தேடச் சொல்லிக்கொடுத்தது அது.

பக்கத்தில் தேடினால் இங்கே என்ன கிடைக்கிறது? புறநானூற்றில் 311ஆம் பாடலும் ஔவையார் பெயரில்தான் இருக்கிறது. அதில் களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் ஒரு புலைத்தி தினமும் வெள்ளைத் துணி வெளுக்கிறாள். அந்தத் துணியை உடுத்த வீரனைப் பற்றியது பாட்டு. ஆனால் துணியின் வெண்மைக்கு முன்னால் அவள் வந்துவிடுகிறாள். நெய் பூசியவரைச் சொல்லாத ஔவையார் துணி வெளுத்தவளைச் சொல்கிறார். பெயரால் அல்ல, தொழிலால், இன்றைக்கு வசையாக ஒலிக்கும் ஒரு சாதிச் சொல்லால். சொல்லாமல் விடப்படுவதற்கும் இப்படிச் சொல்லப்படுவதற்கும் நடுவில் எதைத் தேர்வது என்று அந்தக் கடைசி வரிசைப் பெண் கேட்டால், அதற்கும் என்னிடம் உடனடிப் பதில் கிடையாது.

களர்நிலக் கிணறு எனக்கு உரையாசிரியர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலாறு எங்களுக்கு மழைக்காலத்தில்தான் ஆறு. 2021 நவம்பர் வெள்ளம்போல எப்போதாவது கரையை மிரட்டிவிட்டுப் போகும். பழவேரிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே தடுப்பணை கட்டியபின் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. என் சிறுவயதில் கோடை என்றால் மணல்தான். மணலைத் தோண்டினால் ஊற்று. எங்கள் தெருத் துணிகளை ஏகாலி வீட்டு ஆயா அப்படி ஒரு பள்ளத்தில்தான், உவர்மண் போட்டு, வெளுப்பார். சாயங்காலம் வாசலில் வந்து நின்று சோறு கேட்பார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. "ஏகாலி வூட்டு ஆயான்னுதான் சொல்லுவோம்" என்றாள், நான் கேட்டபோது.

இதைக் கேட்க வைத்தது வேறொரு சம்பவம். கல்லூரி இருக்கும் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பாத்திரம் கழுவ ஓர் அக்கா வருவார். அவரிடம், மாதம் முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன், வாரம் இரண்டு நாள் காரையும் கழுவிவிட முடியுமா என்று கேட்டேன். நியாயமான ஏற்பாடு என்றே நினைத்தேன். கழுவுவது அவருக்குத் தெரிந்த வேலை, தம்பி சொன்ன வாளிக் கணக்கை நான் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கழுவுறதுக்கு என்னா, கழுவலாம். இதுல ஒருநாளாவது என்ன ஏத்திக்கினு போயிருக்கீங்களா டீச்சர்?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை நாளில், அவர் குடை இல்லாமல் பஸ் நிறுத்தம்வரை நடந்த பாதையிலேயே நான் காரில் போயிருக்கிறேன். கை காட்டியிருக்கிறேன்கூட. பெண்களின் உழைப்பு பற்றி நான் எழுதிய மூன்று கவிதைகள் அந்த மாதம் ஒரு சிற்றிதழில் வந்திருந்தன. அக்கா கேட்டதற்குப் பிறகு அவற்றை நான் எடுத்துப் படிக்கவில்லை. தொண்டைமான் கொட்டிலில் நெய் பூசியவர் யார் என்று மாணவி கேட்டபோது எதிர்த்தரப்பில் நின்று யோசித்தேன். இந்தக் கொட்டிலின் சொந்தக்காரி நான்.

முந்நூறு ரூபாய்ப் பேச்சை விட்டுவிட்டேன். அக்காவை இப்போது வழியில் பார்த்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். இரண்டு தடவை ஏற்றினேன். மூன்றாவது தடவை அவரே, "நடந்துடறேன் டீச்சர், கட வீதி வேல இருக்கு" என்றார். அது உண்மையா, என்னைத் தவிர்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

காரை நானே கழுவத் தொடங்கினேன். நாற்பது கடந்தபின், முதன்முறையாக. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டு வேலை எதிலும் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது: முடிந்துவிட்டது என்று கைகட்டி நின்று பார்க்கலாம். பாத்திரம் கழுவி முடித்து யாரும் அப்படி நின்றதில்லை. அடுத்த வேளைச் சோறு காத்திருக்கும். தம்பியின் முகத்தில் காலையில் பார்த்த நிம்மதி எதனால் வந்தது என்று புரிந்தது. ஆண்களுக்குக் காரைக் கழுவுவதில் ஏன் இவ்வளவு பிரியம் என்று கேலி பேசுவதை அன்றோடு நிறுத்தினேன்.

துணியோடு கை போகும்போது கண்ணுக்குத் தெரியாதவையும் தட்டுப்படும். இடது கதவில் நீளக் கீறல், கல்லூரி வாயில் கம்பி இழுத்தது. பின் பம்பரில் பள்ளம், அப்பாவை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது பின்னால் பார்க்காமல் எடுத்தது. கூரையில் கோடுகள், அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு வாழை மரம் கட்டிக்கொண்டு போனது. (அந்தச் சடங்குக்கு நான் போயிருக்கக் கூடாது என்று இந்தத் தொகுப்பைப் படிக்கும் சிலர் நினைக்கலாம். போனேன். வாழை மரமும் ஏற்றிக்கொண்டு போனேன்.)

தம்பி இவற்றையெல்லாம் 'எடுத்துவிடலாம்' என்கிறான். அவன் சொல்வது சரியான சொல். மெருகு என்றால் மேலே ஏதோ பூசுவது என்று நினைத்திருந்தேன். பாலீஷ் களிம்பில் மிக நுண்ணிய அரம் போன்ற துகள்கள் இருக்கின்றன. வண்ணத்துக்கு மேலே மயிரிழையைவிட மெல்லியதாக ஒரு தெளிந்த பூச்சு இருக்கும். பாலீஷ் அதைச் சுற்றிலும் செதுக்கிக் கீறலின் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. மேடும் பள்ளமும் சமமானதும் ஒளி சிதறாமல் திரும்புகிறது, அதைத்தான் பளபளப்பு என்கிறோம். ஒவ்வொரு மெருகுக்கும் காரின் தோல் கொஞ்சம் குறையும். ஆழமான கீறலை இதனால் எடுக்க முடியாது, ஓரத்தை மழுக்கி மறைக்கலாம். மெழுகு வேறு வேலை. அது மேலே உட்கார்ந்து மழையையும் பறவை எச்சத்தையும் தாங்கும், சில வாரங்களில் போய்விடும். நல்ல மெழுகு என்று விற்கப்படும் கார்னௌபா, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருகிறது. வறண்ட காலத்தில் தன் நீரைக் காத்துக்கொள்ள அந்த ஓலை சுரப்பது. அந்தத் தூளை உதிர்க்க அங்கே ஓலை வெட்டி, காயவைத்து, அடித்து வெள்ளையாகிப்போகும் கைகளும் உண்டு.

கழுவுதலில் எனக்குக் குறை இல்லை. பறவை எச்சத்தை அப்படியே விட்டால் வண்ணத்தை அரிக்கும், சேறு தங்கினால் துரு வரும். காரை விற்கலாம் என்று முடிவான பிறகுதான் கீறல்களைப் பற்றிய பேச்சு வந்தது. பழைய கார் விற்போர் எழுதும் இரண்டு சொற்கள் உண்டு: 'லேடி டிரிவன்'. பெண் ஓட்டிய வண்டி. சமயத்தில் 'டாக்டர் டிரிவன்' என்பதும் கூடவே வரும். பொருள் என்னவென்றால், அதிகம் ஓடவில்லை, கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும், உள்ளே புதிதாகவே இருக்கிறது. நான் இதை வாங்கியபோதும் விற்றவர் அப்படித்தான் சொன்னார், அவர் மனைவி ஓட்டியதாம். பழைய சான்ட்ரோ, எங்கள் ஊரிலிருந்து வாலாஜாபாத், ஒரகடம் தாண்டிப் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் பிறந்தது. அந்த அம்மாள் ஓட்டினாரா, ஓட்ட விட்டார்களா என்று நான் கேட்கவில்லை. விலை படிந்தது, வாங்கிவிட்டேன்.

'படிக்காதவன்' படத்தில் ரஜினிகாந்தின் டாக்சிக்கு லட்சுமி என்று பெயர். வண்டியைப் பெண் என்பார்கள். பெண் ஓட்டிய வண்டியை ஓடாத வண்டி என்பார்கள். தொண்டைமானின் வேலைப்போல் நெய் பூசி நிற்பதுதான் அதன் விற்பனைத் தகுதி.

ஔவையாரை இங்கே துணைக்கு அழைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அவர் போற்றும் ஒடிந்த முனைகள் மனிதர்களின் உடலில் ஒடிந்தவை. என் கதவுக் கீறலை அதோடு சேர்த்து வைப்பது எனக்கே கூசுகிறது. உழைத்துத் தேய்ந்ததே உயர்வு என்று பெண்களிடம் பாடுவதும் ஆபத்து. நம் அம்மாக்களை அப்படிப் பாடிப் பாடித்தான் தேய்த்தார்கள். பாட்டியிடமிருந்து வந்த குத்துவிளக்கின் உச்சியில் ஓர் அன்னம் இருக்கிறது. மூன்று தலைமுறைப் புளியில் அதன் அலகு கரைந்து, இப்போது அது அன்னமா புறாவா என்று சொல்ல முடியாது. அதைத் தியாகம் என்று எழுதவும் எனக்குக் கை வராது. அம்மாவிடம் அந்த விளக்கைக் காட்டிக் கேட்டேன். "பித்தள தேயத்தான செய்யும்" என்றாள். "ஸ்டீல்ல ஒண்ணு வாங்கிக் குடுத்தியானா தேய்க்கிற வேல மிச்சம்."

வாங்கிக் கொடுத்துவிட்டேன். பித்தளை விளக்கைக் கேட்டு எடுத்துவந்து என் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். தேய்ப்பதில்லை, கறுத்திருக்கிறது.

போன வாரம் தம்பி விளம்பரம் எழுத உட்கார்ந்தான். "லேடி டிரிவன்னு போடட்டுமாக்கா?"

"போடு," என்றேன். "பக்கத்திலேயே ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்னும் போடு. கீறல் எல்லாத்தையும் போட்டோ எடு. பாலீஷ் வேணாம், கழுவி மட்டும் விடலாம்."

"இப்பிடிப் போட்டா எவன்கா வாங்குவான்?"

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பணமும் தேவைதான். ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் பார்க்க வருகிறாராம். சனிக்கிழமை சாயங்காலம் நான் ஊருக்குப் போய்விடுவேன். காலையில் வெயிலுக்கு முன் கழுவ வேண்டும். இரண்டு வாளியும் அம்மாவிடம் இருக்கின்றன, ஒன்றில் மாட்டுக்குக் கழுநீர் வைத்திருக்கிறாள்.